மூன்று பேர் படகில் வந்தார்கள்: பென் பட்லரின் 1861 மே மாதம்

கரிசல்மண்:

ஒரு மாதமாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை இங்கே வைக்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1861 மே 23 இரவு. பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்குக்கும் இடையிலான அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. வர்ஜீனியாவில் சூவல்ஸ் முனை என்ற இடத்தில் தென்னகப் படை பீரங்கி மேடை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அங்கே மண் சுமந்தவர்கள் அடிமைகள். அவர்களில் மூன்று பேர் இருட்டில் ஒரு படகில் ஏறித் துடுப்புப் போட்டு எதிர்க்கரைக்கு வந்துவிட்டார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட். எதிர்க்கரையில் இருந்தது மன்றோ கோட்டை. வர்ஜீனியா பிரிந்து போன பிறகும் வடக்கின் கையில் நின்ற கோட்டை அது.

அந்தக் கோட்டைக்குத் தளபதியாக பெஞ்சமின் பட்லர் வந்து சேர்ந்தது அதற்கு முந்தைய நாள்தான். தொழில்முறைப் படைவீரர் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவல் என்ற நெசவாலை ஊரின் கிரிமினல் வக்கீல், மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர், உள்ளூர்த் துணைப்படையில் பதவி வாங்கியவர். போர் வந்ததும் அந்தப் பதவியோடு களத்துக்கு வந்துவிட்டார்.

காலையில் மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். சாட்சியை விசாரித்துப் பழகிய ஆள் அல்லவா. சார்லஸ் மல்லோரி என்ற தென்னகக் கர்னல்தான் தங்கள் எஜமான் என்றார்கள். கரோலினாப் பக்கம் கொண்டுபோய் அங்கே படை வேலைக்குப் போடப் போகிறார்கள், குடும்பம் எல்லாம் இங்கே ஹாம்ப்டனில் இருக்கிறது, அதனால் ஓடிவந்தோம் என்றார்கள்.

அப்போது சட்டம் என்ன சொன்னது என்று பார்க்க வேண்டும். 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம் உயிரோடு இருந்தது. ஓடிவந்தவரைத் திருப்பிக் கொடுப்பது கடமை, தடுத்தால் 1,000 டாலர் அபராதம். வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கு அடிமை என்று தீர்ப்புச் சொன்னால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கூலி. இதை முதன்முதலாகப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். லிங்கனும் பதவியேற்பு உரையில், அடிமைமுறை உள்ள மாநிலங்களில் அதில் கை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அதே நாள், மே 24. வெள்ளைக்கொடியோடு மேஜர் ஜான் கேரி வந்தார், மல்லோரியின் சார்பாக. இவரும் பட்லரும் அறிமுகமானவர்கள், முந்தைய ஆண்டு ஒரே கட்சி மாநாட்டில் இருந்தவர்கள். கோட்டைக்கு வெளியே பேச்சு நடந்தது. கேரி கேட்டது: அரசியல் சட்டப்படி அடிமைகளைத் திருப்பித் தரும் கடமை உங்களுக்கு இருக்கிறதே, என்ன செய்யப் போகிறீர்கள்?

பட்லர் சொன்ன பதிலின் சாரம்: வர்ஜீனியா நேற்றுத்தான் வாக்கெடுப்பு நடத்தித் தன்னைத் தனி நாடு என்று சொல்லிக்கொண்டது. வேறு நாட்டுக்கு அமெரிக்கச் சட்டத்தின் கடமை எதுவும் எனக்குக் கிடையாது. இவர்கள் என்னைச் சுடுவதற்கு மேடை கட்டிக்கொண்டிருந்தவர்கள். எதிரியின் போர் வேலைக்குப் பயன்பட்ட சொத்தைப் பறிமுதல் செய்யும் உரிமை எனக்கு இருக்கிறது. போர்க்காலக் கடத்தல்பொருளாக வைத்துக்கொள்கிறேன்.

கடத்தல்பொருள், ஆங்கிலத்தில் "காண்ட்ராபேண்ட்" என்ற அந்த ஒரு சொல் வடக்கின் பத்திரிகைகளில் பற்றிக்கொண்டது. கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் அதைவிட வேகமாக. மூன்றே நாளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்துவிட்டார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு. போர் முடிவதற்குள் இப்படி வடக்குப் படையின் எல்லைக்குள் வந்தவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள்.

நான் கேட்க விரும்புவது இதுதான். இந்த இடத்தில் நாம் யாரைப் பார்க்க வேண்டும்? பதில் சொன்ன வக்கீலையா, கதவைத் தட்டிய மூன்று பேரையா?

சட்டப்புள்ளி:

கரிசல், நல்ல இடத்தில் தொட்டிருக்கிறீர்கள். இருபது வருடமாக கோர்ட்டில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பதிலை நான் எத்தனை முறை படித்தாலும் மயிர்க்கூச்செறிகிறது.

காரணம் சொல்கிறேன். பிரிந்து போக எந்த மாநிலத்துக்கும் உரிமை இல்லை, வர்ஜீனியா இன்னும் அமெரிக்காதான் என்பது வடக்கின் நிலை. அப்படியானால் வர்ஜீனியாக்காரருக்கும் அந்தச் சட்டத்தின் பலன் உண்டு. கேரியும் இதைத்தான் எடுத்துப் பேசினார்: நாங்கள் பிரியவே முடியாது என்கிறீர்களே, அப்புறம் எப்படி வேறு நாடு என்கிறீர்கள்? பட்லர் தன் கட்சியின் வாதத்தைக் கையில் எடுக்கவே இல்லை. எதிர்க்கட்சி சொன்னதைப் பிடித்துக்கொண்டார். பிரிந்துவிட்டோம் என்று சொன்னது நீங்கள், அந்தச் சொல்லுக்கு நீங்கள் கட்டுப்பட்டவர்கள். எங்கள் தொழிலில் இதை எஸ்டாப்பல் என்போம். சொன்ன வாயால் மாற்றிச் சொல்ல முடியாது.

இந்தப் புத்தி அவருக்கு லோவலில் வந்தது. அங்கே அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குக் கூலி பாக்கி. கம்பெனி கொடுக்கவில்லை. பட்லர் கோர்ட்டில் ஜப்தி உத்தரவு வாங்கி, ஆலையை ஓட்டும் தண்ணீர்ச் சக்கரத்தையே ஜப்தி செய்யப் போய்விட்டார். சக்கரம் நின்றால் ஆலை முழுவதும் நிற்கும். பாக்கி உடனே வந்துவிட்டது. மேசை நாற்காலியை ஜப்தி செய்பவன் சாதாரண வக்கீல். எதைப் பிடித்தால் எதிராளி அசைய முடியாதோ, அதைத் தேடிப் பிடிப்பவன் வேறு ரகம்.

அவருடைய அம்மா சார்லட் லோவலில் ஆலைப் பெண்களுக்கு விடுதி நடத்திப் பிள்ளைகளை வளர்த்தவர். அப்பா மேற்கிந்தியத் தீவில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தபோது பென்னுக்கு ஒரு வயது ஆகவில்லை. பதினான்கு மணி நேரம் தறியில் நின்றுவிட்டு வரும் பெண்களின் பேச்சைச் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்தவர். பின்னாளில் பத்து மணி நேர வேலை நாளுக்காக அரசியலில் போராடினார். இதை மறந்துவிட்டு மே 24ஐ மட்டும் பார்த்தால் ஆள் பாதிதான் தெரிவார்.

தாழைமடல்:

சட்டப்புள்ளி சார், உங்கள் மகிழ்ச்சி புரிகிறது. எனக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை.

மூன்று மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்து வருகிறார்கள். அவர்களைக் காப்பாற்றும் வாதம் எது? "இவர்கள் சொத்து" என்பது. துப்பாக்கி, குதிரை, உப்பு மூட்டை வரிசையில் இவர்களையும் வைத்தால்தான் காப்பாற்ற முடியும். அந்தச் சொல்லே பிறகு அவர்களுக்குப் பெயராகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு, முகாமுக்கு, தலைமுறைக்கே "கடத்தல்பொருள்" என்று பெயர். இதை மறக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. ஒரு மாதத்துக்கு முன்னால், ஏப்ரலில், பட்லர் மேரிலாந்துக்குப் படையோடு போனார். அங்கே அடிமைகள் கிளர்ச்சி செய்யப் போகிறார்கள் என்ற வதந்தி. பட்லர் அந்த மாநில ஆளுநருக்கு என்ன எழுதினார் தெரியுமா? கிளர்ச்சியை அடக்க என் படையைத் தருகிறேன் என்று எழுதினார். மாசசூசெட்ஸ் ஆளுநர் ஆண்ட்ரூ அதைக் கண்டித்துக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அதற்கும் ஒரு வருடம் முன்னால், 1860இல், சார்ல்ஸ்டன் நகரில் ஜனநாயகக் கட்சி மாநாடு. அங்கே ஜனாதிபதி வேட்பாளராக இவர் திரும்பத் திரும்ப வாக்களித்தது ஜெஃபர்சன் டேவிஸுக்கு. பிரிந்துபோன தென்னகத்துக்குத் தலைவரான அதே டேவிஸ். ஐம்பது சுற்றுகள் அளவுக்கு அந்தப் பெயரைச் சொன்ன வாய் இது. அதனால் கரிசல் அண்ணா கேட்ட கேள்விக்கு என் பதில் சுலபம். மூன்று பேரைப் பார்க்க வேண்டும்.

மறைநிலா:

ஒரு சந்தேகம். எஜமான் மல்லோரி நேரில் வந்து, நான் அமெரிக்காவுக்கு விசுவாசமானவன் என்று சத்தியம் செய்திருந்தால்?

சட்டப்புள்ளி:

திருப்பிக் கொடுத்திருப்பார். அதையும் அவர் வாயாலேயே கேரியிடம் சொன்னார்: மல்லோரி கோட்டைக்கு வந்து விசுவாசப் பிரமாணம் எடுக்கட்டும், ஆட்களைத் தருகிறேன் என்று. மல்லோரி வர மாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் வந்திருந்தால் என்ற கேள்விக்கு இதுதான் பதில். தாழை சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன்.

ஆனால் ஜூலையில் அவர் எழுதிய கடிதத்தையும் பார்க்க வேண்டும். இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கணக்கில் மே 24ஐ விட இதுதான் பெரிய விஷயம்.

மூன்று பேருக்குச் சொன்ன காரணம் மூன்று பேருக்குப் பொருந்தியது. பீரங்கி மேடை கட்டினார்கள், அதனால் பறிமுதல். ஆனால் கைக்குழந்தை பீரங்கி மேடை கட்டுமா? ஜூலை 30 அன்று போர்த்துறைச் செயலர் கேமரனுக்கு எழுதும்போது பட்லர் கையில் 900 பேர் இருந்தார்கள். கணக்கையும் கொடுத்திருக்கிறார்: உடல் வலுவுள்ள ஆண்கள் 300, கடின வேலைக்கான வயதைத் தாண்டிய ஆண்கள் 30, பெண்கள் 175, பத்து வயதுக்குக் கீழே 225 குழந்தைகள், பத்திலிருந்து பதினெட்டுக்குள் 170 பேர். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

பிறகு கேள்விகளை அடுக்குகிறார். இவர்கள் அடிமைகளா? சுதந்திரமானவர்களா? இவர்கள் நிலை மனிதர்களின் நிலையா, சொத்தின் நிலையா, இரண்டும் கலந்ததா? சட்டப்படி இவர்கள் முன்னால் என்னவாக இருந்தார்கள் என்பது தெரியும், எஜமானர்கள் விட்டுவிட்டு ஓடிப்போன பிறகு, போர் நடக்கும்போது, இப்போது என்ன?

பதிலும் அவரே சொல்லிப் பார்க்கிறார். சொத்து என்றே வைத்துக்கொள்வோம். உடைந்த கப்பலின் சரக்கு கரையில் ஒதுங்குவது போல இவர்கள் கைவிடப்பட்ட சொத்து. கைவிடப்பட்ட சொத்து மீட்டவனுக்குச் சேரும். மீட்டவர்கள் நாங்கள். ஆனால் நாங்கள் இப்படிப்பட்ட சொத்தை வைத்துக்கொள்ள மாட்டோம், எஜமானாக இருக்க மாட்டோம். அப்படியானால் இவர்களுக்கு உடைமையாளன் என்று யாருமே இல்லை. உடைமையாளன் இல்லையென்றால் சொத்து என்பதே போய்விட்டது. மிஞ்சுவது மனிதர்கள்.

தாழை, "சொத்து" என்ற அதே சொல்லைக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போய், அதன் வாயாலேயே அது இல்லை என்று சொல்ல வைத்துவிட்டார். மே மாதம் அது ஒரு வக்கீலின் பிடி. ஜூலையில் அப்படி இல்லை. இரண்டு மாதம் அந்த 900 பேருக்கு நடுவில் இருந்தது அவரை மாற்றியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கரிசல்மண்:

சார், இந்தக் கடிதத்தை நான் இப்படி யோசித்ததே இல்லை. நன்றி.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அதே 1861 ஆகஸ்ட் 30 அன்று மிசூரியில் ஜெனரல் ஃப்ரிமாண்ட் நேரடியாகவே அறிவித்தார்: கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் இன்றிலிருந்து சுதந்திரமானவர்கள். பட்லர் சுற்றிச் சுற்றிப் பேசியதை இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். என்ன ஆனது? லிங்கன் அதை ரத்து செய்துவிட்டார். கென்டக்கி, மேரிலாந்து போன்ற எல்லை மாநிலங்கள் கைநழுவிப் போய்விடும் என்ற பயம். ஆனால் பட்லரின் "கடத்தல்பொருள்" ரத்தாகவில்லை. மே 30 அன்றே கேமரன் ஒப்புதல் கொடுத்துவிட்டார், ஆகஸ்ட் 6 அன்று காங்கிரஸ் அதையே முதலாவது பறிமுதல் சட்டமாக ஆக்கியது. 1862இல் இரண்டாவது சட்டம், 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம்.

நேர்மையாகச் சொன்ன வாக்கியம் ரத்தானது, அழுக்கான சொல் கதவைத் திறந்தது. இது எனக்குக் கசக்கிறது. ஆனாலும் அன்று அந்தக் கரையில் குழந்தையோடு நின்ற ஒரு தாய்க்கு எது தேவைப்பட்டது என்று நினைத்தால், கதவு திறந்ததுதான்.

ஹாம்ப்டன்வாசி:

இந்த இழையைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வேலை பார்ப்பது இந்தப் பக்கம்தான். மன்றோ கோட்டை எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம்.

கோட்டையைச் சுற்றி இன்றும் அகழி, அதில் தண்ணீர். ஆறு மூலைகள் கொண்ட பெரிய கல் கோட்டை. இளம் பொறியாளராக ராபர்ட் லீ இதன் கட்டுமானத்தில் வேலை செய்திருக்கிறார். தென்னகத்தின் பெரிய தளபதி கட்ட உதவிய கோட்டையைத் தென்னகத்தால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

கடல் பக்கம் ஒரு தடுப்புச் சுவர். மாலையில் ஆட்கள் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அங்கிருந்து எதிரே பார்த்தால் தெரிவது சூவல்ஸ் முனை. இப்போது அது நார்ஃபோக் கடற்படைத் தளம், சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் வரிசையாக நிற்கும். இரண்டு கரைக்கும் நடுவில் பாலமும் கடலடிச் சுரங்கமும் போட்டிருக்கிறார்கள், காலையில் அதில் மாட்டிக்கொண்டால் அலுவலகம் தாமதம்தான். முதல் தடவை அந்தச் சுவரில் நின்றபோது, இது விளையாட்டுத் தூரம் இல்லை என்று தோன்றியது. சில கிலோமீட்டர் திறந்த நீர், நீரோட்டம் இழுக்கும் இடம். இரவில், நாள் முழுக்க மண் சுமந்த உடம்போடு, பின்னால் சுடுவார்களோ, முன்னால் சுடுவார்களோ என்று தெரியாமல்.

மன்றோ கோட்டை நிற்கும் இந்தப் பக்கத்து முனையில்தான் 1619 ஆகஸ்டில் ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டார்கள், "ஒயிட் லயன்" என்ற கப்பலில். இருபது சொச்சம் பேர். 242 வருடம் கழித்து அதே கரைக்கு மூன்று பேர் தாங்களாகவே படகோட்டி வந்தார்கள். 2011 நவம்பரில் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தபோது இந்த இரண்டு வருகையையும் சேர்த்துத்தான் சொன்னார்கள்.

தாழை அக்காவுக்கு ஒன்று. 1861 ஆகஸ்ட் 7 அன்று தென்னகப் படையே ஹாம்ப்டன் ஊரைக் கொளுத்திவிட்டது, வடக்கின் கையில் போகக் கூடாது என்று. ஓடிவந்த மக்கள் அந்தக் கரிந்த ஊரில் மிச்சம் நின்ற புகைபோக்கிகளை ஒட்டிப் பலகை அடித்துக் குடிசை போட்டார்கள். அப்படி ஒரு முழு ஊரே எழுந்தது. மேரி பீக் என்ற கறுப்பினப் பெண் அங்கே ஒரு ஓக் மரத்தடியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது வர்ஜீனியாவில் சட்டப்படி குற்றமாக இருந்த காலத்திலேயே ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1862இல் காசநோயில் இறந்துவிட்டார். மரம் இருக்கிறது. இன்று ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கிளை பரப்பி நிற்கிறது.

அப்புறம், ஊதியம். கோட்டையில் வேலை செய்த இந்த மக்களுக்குப் பேசிய கூலியில் பெரும்பகுதி கைக்கு வரவில்லை. உணவு, துணி என்று படை அலுவலகம் பிடித்துக்கொண்டது. இதை மறைக்கக் கூடாது.

பரணி:

எல்லோரும் பட்லரைத் தூக்கி வைக்கும் முன், தளபதியாக அவர் எப்படி என்பதையும் பார்ப்போம். 1861 ஜூன் 10, பிக் பெத்தல் சண்டை: இவர் அனுப்பிய படைகள் இருட்டில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன, தோல்வி. 1864இல் தென்னகத் தலைநகர் ரிச்மண்டுக்குப் பக்கத்தில் பெர்முடா ஹண்ட்ரட் என்ற இடத்தில் நல்ல வாய்ப்பைத் தவறவிட்டு, புட்டிக்குள் அடைபட்டது போலப் படையோடு மாட்டிக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் தென்னகத்தின் ஃபிஷர் கோட்டையைத் தகர்க்க ஒரு கப்பல் நிறைய வெடிமருந்தை ஏற்றிக் கரையோரம் வெடிக்க வைத்தார், கோட்டைச் சுவரில் கீறல்கூட விழவில்லை. வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெத்தலில் செத்தவர்களுக்கும் வீடு வாசல் இருந்தது. அரசியல் செல்வாக்கால் பதவி பெற்ற ஆட்களிடம் படையைக் கொடுத்ததன் விலை அது.

அப்புறம் நியூ ஆர்லியன்ஸ்.

தாழைமடல்:

பரணி தொடங்கியதை நான் முடிக்கிறேன். 1862 மே 1 அன்று பட்லர் அந்த நகரத்துக்குள் நுழைகிறார். தென்னகத்தின் மிகப் பெரிய நகரம். பெண்கள் வடக்குச் சிப்பாய்கள் மேல் துப்புகிறார்கள், மாடியிலிருந்து கழிவுநீரைக் கொட்டுகிறார்கள். மே 15 அன்று பட்லர் 28ஆம் எண் உத்தரவு போட்டார்: சொல்லாலோ சைகையாலோ சிப்பாயை அவமதிக்கும் எந்தப் பெண்ணும் தெருவில் தொழில் செய்பவளாகவே கருதப்படுவாள்.

சிலர் இதையும் சாமர்த்தியம் என்கிறார்கள், ஒரு தோட்டா செலவில்லாமல் தொல்லை நின்றதே என்று. எனக்கு ஒப்பவில்லை. எதிரிப் பெண்ணாக இருந்தாலும், பெண்ணின் மானத்தைக் கயிறாக்கி அவள் வாயைக் கட்டுவது தவறு. இங்கிலாந்துப் பிரதமர் பாமர்ஸ்டன் நாடாளுமன்றத்தில் இதைக் கண்டித்தார். தெற்கு இவருக்கு "மிருகம் பட்லர்" என்று பெயர் வைத்தது. டிசம்பரில் டேவிஸ் ஒரு பிரகடனம் போட்டு, இவர் பிடிபட்டால் உடனே தூக்கில் போடலாம் என்றார். ஐம்பது சுற்று வாக்கு வாங்கிய டேவிஸ்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அங்கே ஜெனரல் ஃபெல்ப்ஸ் என்ற ஒரு நேர்மையாளர், ஓடிவந்த அடிமைகளைப் படைவீரர்களாகச் சேர்க்கத் தொடங்கினார். பட்லர், அவர்களை மரம் வெட்ட அனுப்பு என்று உத்தரவிட்டார். நான் அடிமை மேய்ப்பவனாக இருக்க மாட்டேன் என்று ஃபெல்ப்ஸ் பதவியை விட்டார். மே மாதத்து ஹீரோ இதைச் செய்தவர்.

கரிசல்மண்:

ஃபெல்ப்ஸ் விஷயத்தில் எனக்குச் சொல்ல மறுப்பு இல்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். ஃபெல்ப்ஸ் போன அதே ஆகஸ்டில் பட்லர் மனம் மாறினார். நியூ ஆர்லியன்ஸில் சுதந்திரமான கறுப்பினத்தாரின் துணைப்படை ஒன்று ஏற்கெனவே இருந்தது, "நேட்டிவ் கார்ட்ஸ்". அதைக் கூப்பிட்டார். 1862 செப்டம்பர் 27 அன்று முதல் பிரிவு அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டது, கறுப்பின அதிகாரிகளோடு. விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்னால். அடுத்த ஆண்டு போர்ட் ஹட்சன் சண்டையில் அந்தப் பிரிவின் கேப்டன் ஆந்த்ரே கையூ தன் ஆட்களை முன்நின்று நடத்தி உயிர்விட்டார்.

நகரத்தைப் பற்றியும் ஒன்று. 1853இல் மஞ்சள் காய்ச்சலில் நியூ ஆர்லியன்ஸில் எட்டாயிரம் பேர் அளவில் இறந்திருந்தார்கள். கோடை வந்தால் வடக்கத்தியான் எல்லாம் செத்துவிடுவான் என்று ஊரே காத்திருந்தது. பட்லர் ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கூலிக்கு அமர்த்தி வாய்க்கால், சந்தை, தெரு எல்லாம் கழுவ வைத்தார். வரும் கப்பல்களைக் கண்டிப்பாக ஒதுக்கி நிறுத்தினார். அந்தக் கூலிக்கான பணத்தை, தென்னகப் போர் நிதிக்குக் கொடுத்த பணக்காரர்களிடமே வசூலித்தார். அந்த வருடம் நோய் பரவவில்லை. கொசுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அப்பாவை அந்தக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிள்ளை அந்த ஊர் வாய்க்காலைச் சுத்தம் செய்ததை நினைக்காமல் என்னால் கடக்க முடியவில்லை.

அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ அங்கே வியாபாரத்தில் கொழுத்த லாபம் பார்த்ததும் உண்மை. பட்லரை வெள்ளிக் கரண்டி திருடன் என்றே தெற்கு அழைத்தது. கரண்டிக்கு ஆதாரம் இல்லை, அண்ணனுக்கு நிறைய இருக்கிறது. அண்ணன் கொள்ளையடிப்பதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தவரை நான் காப்பாற்றிப் பேச மாட்டேன்.

ஆனால் 1864 செப்டம்பர் 29. ரிச்மண்டுக்கு வெளியே நியூ மார்க்கெட் மேடு. பட்லர் படையின் கறுப்பினப் பிரிவுகள் அந்தச் சரிவில் ஏறிப் பிடித்தன. அந்த ஒரு சண்டைக்காக 14 கறுப்பின வீரர்களுக்குப் பின்னாளில் நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. பட்லர் அதோடு நிற்கவில்லை, தன் சொந்தப் பணத்தில் வெள்ளிப் பதக்கம் அடித்து அவர்களுக்குக் கொடுத்தார். பத்து வருடம் கழித்து காங்கிரஸில் சிவில் உரிமை மசோதா விவாதத்தில் எழுந்து, இறந்து கிடந்தவர்களுக்கு நடுவே குதிரையில் போனபோது அவர்கள் முகத்தைப் பார்த்துச் செய்த சத்தியம் இது என்று பேசினார். 1875இல் அந்தச் சட்டம் நிறைவேறியது.

சட்டப்புள்ளி:

1883இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் அவர் தொடங்கி வைத்த இன்னொன்று நிற்கிறது. 1871இல் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் வன்முறையை ஒடுக்க மசோதாவை முதலில் எழுதியவர் பட்லர். அது மாறி, வேறொருவர் கையால் சட்டமானது. அதன் முதல் பிரிவுதான் இன்று அமெரிக்காவில் போலீஸ் அத்துமீறலுக்கு எதிராகச் சாதாரண மனிதன் வழக்குப் போடும் வழி, 1983ஆம் பிரிவு என்பார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனாதிபதி ஜான்சனைப் பதவிநீக்கும் வழக்கை 1868இல் செனட்டில் நடத்தியவர்களில் முதல் ஆள், ஒரே வாக்கில் தோற்றார். 1883இல் ஒரு வருடம் மாசசூசெட்ஸ் ஆளுநர். அந்த ஒரு வருடத்தில் மாநிலத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக ஜார்ஜ் ரஃபினை நியமித்தார், பெண்கள் சிறையை நடத்த கிளாரா பார்ட்டனை அழைத்தார். ஆளுநர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கௌரவப் பட்டத்தை ஹார்வர்ட் இவருக்கு மட்டும் கொடுக்க மறுத்தது. 1884இல் ஜனாதிபதித் தேர்தலில் தொழிலாளர், சிறு விவசாயிகள் பக்கம் நின்று சுமார் 1,75,000 வாக்கு. 1893 ஜனவரி 11இல் இறந்தார், லோவலில் புதைத்தார்கள்.

மறைநிலா:

டேவிஸ் கடைசியில் என்ன ஆனார்?

ஹாம்ப்டன்வாசி:

1865 மே மாதம் பிடித்துக்கொண்டு வந்து இதே மன்றோ கோட்டையில்தான் அடைத்தார்கள். முதல் சில மாதங்கள் கல் சுவருக்குள் பீரங்கி வைக்கும் அறை ஒன்றில். கோட்டையில் மொத்தம் இரண்டு வருடம் இருந்தார். அந்த அறையை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், நான் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். சின்னச் சன்னல், ஈரம் ஏறிய சுவர். வெளியே வந்தால் அதே கடல்.

தாழைமடல்:

கரிசல் அண்ணா, நான் என் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்று பேர்தான். மே 23 அன்று எந்தச் சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் இருந்த வக்கீல் டேவிஸுக்கு வாக்களித்தவர். அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை, தெரிந்திருந்தாலும் படகேறியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஜூலைக் கடிதத்தை நீங்களும் சாரும் சொன்ன பிறகு, பட்லரை முன்பு போல ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. அந்த 225 குழந்தைகளை எண்ணி எழுதிய கை அது.

கரிசல்மண்:

தாழை, நான் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவன் என்பது உனக்குத் தெரியும். புத்தகத்தில் அமெரிக்க அடிமை விடுதலை லிங்கனின் பிரகடனத்தில் தொடங்கி அதிலேயே முடிகிறது. அடுத்த வாரம் அந்தப் பாடம் வருகிறது. இந்தத் தடவை பிரகடனத்தில் தொடங்கப் போவதில்லை. கரும்பலகையில் மூன்று பெயரை எழுதி, கீழே கடலை வரைந்து, இந்தக் கரை, அந்தக் கரை என்று போட்டுவிட்டு, பட்லரின் கேள்விகளைப் பிள்ளைகளிடமே கேட்கப் போகிறேன்.

ஹாம்ப்டன்வாசி தம்பி, முடிந்தால் அந்தத் தடுப்புச் சுவரிலிருந்து சூவல்ஸ் முனை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடு. இருட்டின பிறகு எடுத்தால் இன்னும் நல்லது.

ஹாம்ப்டன்வாசி:

சரிண்ணே. ஞாயிற்றுக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். இங்கே இருட்ட ஒன்பது மணி ஆகும், திங்கட்கிழமை உங்கள் வகுப்புக்கு முன்னால் வந்துவிடும்.